எந்தத் திரையில் மலை ஏறுவது

என் கணவர் கைப்பேசியில் ஓட்டிய முதல் பேருந்து, புறப்பட்ட இரண்டாவது நிமிடத்தில் நடுரோட்டில் நின்றுவிட்டது. காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் போன் செய்திருந்தார். அழைப்பு வந்தால் விளையாட்டு அப்படியே நின்றுபோகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. பேசி முடித்ததும் பேருந்து மறுபடி திரையில் வந்தது. "சிலிண்டர் வாசலுக்கு வந்துருச்சு, எந்திரிச்சுப் போங்க" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. "பின்னாடி அம்புட்டு வண்டி நிக்குது டீச்சர். ஓரங்கட்டிட்டுப் போறேன்" என்றார்.

வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்லுவார்.

அன்று அவர் சொன்ன 'ஓரங்கட்டிட்டுப் போறேன்' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வீடியோ கேம் பக்கம் திரும்பினேன். அதுவரை அந்தத் திசையில் தலைவைத்தும் படுத்ததில்லை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கேம் என்றால் வீட்டுப்பாடம் எழுதாததற்கு மாணவர்கள் சொல்லாமல் மறைக்கும் காரணம் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பொருள். ஆனால் நான்கு மாதமாக ஸ்கூட்டரைக்கூடத் தொடாமல் இருந்த மனிதர், இல்லாத வண்டிகளுக்கு வழி விடுவதற்காகப் பதறினார் என்றால், அந்தச் சின்னத் திரையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நான்கு மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். செம்பட்டி, வத்தலக்குண்டு, அதற்கு மேலே மலை. வருடாந்திர கண் பரிசோதனையில் இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது தெரிந்தது. கண் அழுத்த நோய். வலிக்காது, சிவக்காது. ஒரு கண் போவதை மற்றொரு கண் மூடி மறைத்துவிடும். தனக்கே தெரியவில்லை என்று அவர் சொன்னதை மருத்துவர் நம்பினார், நானும் நம்பினேன். ஒரு கண்ணால் பேருந்து ஓட்ட அனுமதி கிடையாது. டிப்போவில் டியூட்டி எழுதுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அவரை அரித்தது வேலை மாறியதல்ல. மருத்துவரிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எப்பலேர்ந்து சார் போயிருக்கும்?"

"சரியாச் சொல்ல முடியாதுங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷமா இருக்கலாம்."

அந்த ஒரு வருடம் அவர் தினமும் மலை ஏறி இறங்கியிருக்கிறார். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல், "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எம்புட்டு சனத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவந்துருக்கேன்" என்றார். ஒரு கீறல்கூட விழவில்லையே என்றேன். "அது அதிர்ஷ்டமா இருந்தா?" என்றார். தன்னை நல்ல ஓட்டுநர் என்று இருபத்திரண்டு வருடம் நம்பிய ஒருவருக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நான்கு மாதமும் அவர் பாதித் தட்டுக்கு மேல் சாப்பிடவில்லை.

டிப்போவில் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர்தான் அந்தப் பேருந்து விளையாட்டை அவருடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தது. சிலிண்டர் வந்த அன்று நான் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை. எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. கல்யாணத்துக்கு முன் அவரையே அப்படி எழுதியிருக்கிறேன். குறைப் பத்தியில் "அதிகம் பேசமாட்டார்" என்று இருந்தது. மூன்று மாதத்தில் அதை நிறைப் பத்திக்கு மாற்றிவிட்டேன்.

கைப்பேசிக்கு நிறைகள் தாராளமாகவே விழுந்தன. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சட்டைப் பையில் இருக்கிறது. அந்த விளையாட்டை வெளிநாட்டில் யாரோ செய்திருக்கிறார்கள். நம் ஊர் இளைஞர்கள் அதில் நம் பேருந்துகளின் நிறத்தையும் பலகையையும் ஹாரனையும் செய்து ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். வத்தலக்குண்டு வழி என்று தமிழில் எழுதிய பலகையோடு ஒரு பேருந்து, எந்தத் தீவிலோ உள்ள தென்னந்தோப்புகளுக்கு நடுவே போவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்தப் பிள்ளைகள் மேல் மரியாதையும் வந்தது. படிக்கட்டின் தகர விளிம்பு தேய்ந்திருப்பதைக்கூட வரைந்திருந்தார்கள். பைசா வாங்காமல் இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறவர்களை நான் பரீட்சைத் தாளில் பார்த்ததில்லை.

குறைகள்? கட்டைவிரல் பாதி ரோட்டை மறைத்தது. போனைச் சாய்த்தால்தான் வண்டி திரும்பும் என்பதால் அவரும் நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தார். அரை மணி நேரத்தில் போன் இட்லிச் சட்டியாகக் கொதித்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு விளம்பரம். "செம்பட்டி வர்றதுக்குள்ள ஏழு விளம்பரம் டீச்சர். சனம் எறங்கி நடந்தே போயிரும்" என்றார். நான்கு மாதத்தில் அவர் சொன்ன முதல் கேலி அது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டின் ஓரத்தில் எழுதினேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சின்ன வயதிலிருந்தே கேம் ஆடுகிறவள். அவளிடம் போனில் ஆலோசனை கேட்டேன். "அம்மா, நீங்களா கேக்குறீங்க?" என்றாள். பிறகு விளக்கினாள். "கன்சோல்னா டிவியில சொருகி ஆடுற பெட்டி. அது குக்கர் மாதிரிம்மா. மூடி வச்சா விசில் வந்துரும். கம்ப்யூட்டர் விறகடுப்பு. ஊதிக்கிட்டே இருக்கணும், ஆனா அதுல எதை வேணாலும் சமைக்கலாம்." இத்தனை வருடம் இந்தப் பிள்ளையைத் திட்டித் திட்டி நிறுத்தப் பார்த்திருக்கிறோமே, இவ்வளவு தெளிவாக யோசிக்கிறவளை என்று எனக்குள் வெட்கமாக இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் போன்ற ஆசிரியர்களுக்காகவே சொன்னது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது அவள் தன்னுடைய கன்சோலையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நாகல் நகரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு வயரைச் செருகியதும் வேலை முடிந்தது. படம் ஏறக்குறைய கண்ணாடி ஜன்னல் வழியே பார்ப்பது போல இருந்தது. கையில் பிடிக்கும் அந்தச் சாதனம்தான் அவரை அசத்தியது. சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கினால் அது உள்ளங்கையில் அதிரும். அவர் வேண்டுமென்றே நான்கு முறை ரோட்டை விட்டு இறக்கிப் பார்த்தார். "தார் முடியுற எடம் கைக்குத் தெரியுது பாரேன்" என்று மகளிடம் சொன்னார். இதைச் செய்தவன் ஒரு தடவையாவது வண்டி ஓட்டியிருப்பான் என்பது அவர் கருத்து.

ஆனால் அதில் பேருந்து இல்லை. மகள் கொண்டுவந்ததெல்லாம் பந்தயக் கார்கள். நம் ஊர் ரோட்டை யாரும் செய்து உள்ளே வைக்க முடியாது. கம்பெனி கொடுப்பதைத்தான் ஆட வேண்டும். எல்லாவற்றையும்விட, ஆக்ஸிலரேட்டர் ஆள்காட்டி விரலில் இருந்தது. விரல் ஒரு பக்கம் அழுத்த, அவருடைய வலது கால் தன்பாட்டில் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. பிரேக் வாங்க வேண்டிய மிதியை, பாவம், தரைதான் வாங்கியது.

"அப்பாவுக்கு ஸ்டீரிங்கும் மூணு பெடலும் வேணும்மா. கம்ப்யூட்டர்தான்" என்று மகள் தீர்ப்புச் சொன்னாள்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் இல்லையா? ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு மாடியில் கேமிங் சென்டர் இருந்தது. சாயங்காலம் ஆனால் கல்லூரிப் பிள்ளைகளால் நிரம்பிவிடும் என்பதால் சனிக்கிழமை காலையில் போனோம். நடத்துகிறவர் இளைஞர். எங்களைப் பார்த்ததும் பிள்ளையைத் தேடி வந்த பெற்றோர் என்று நினைத்து, "இங்க யாரும் வரல மேடம்" என்றார்.

அங்கே இருந்தது ஒழுங்கான கம்ப்யூட்டர், பெரிய திரை, மேசையில் முடுக்கிய ஸ்டீரிங், காலுக்குக் கீழே மூன்று பெடல், பக்கத்தில் கியர். யாரோ ஒரு புண்ணியவான் கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு மலைப்பாதையை உருவாக்கி இலவசமாக விட்டிருந்தார். எந்த மலை என்று குறிப்பிடவில்லை, ஆனால் எங்கள் மலையின் சாயல் இருந்தது. தடுப்புச் சுவரில் வெள்ளையும் கறுப்பும் அடித்து, ஆங்காங்கே குரங்கும் வைத்திருந்தார்.

என் கணவர் ஸ்டீரிங்கைப் பிடித்தார். இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் வேலை செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். அவர் பேருந்தில் நான் போயிருக்கிறேன். பெண்கள் இருக்கையிலிருந்து அவர் பின்னந்தலைதான் தெரியும். அன்று கைகளைப் பார்த்தேன். அவசரமே இல்லாத கைகள். வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, வெளிப்பக்கம் அகலமாக எடுத்து உள்ளே மடக்கினார். பிரேக்கைத் தொட்டதுகூடத் தெரியவில்லை. சென்டர்காரர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றுவிட்டார். நான் பெருமையோடு என் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இறக்கத்தில் ஒரு வளைவில் பேருந்தை நிறுத்தினார். கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.

"சார், அது கம்ப்யூட்டர் ஓட்டுற லாரி. நீங்க போயிட்டே இருக்கலாம். அது உங்களுக்காக நின்னுரும்" என்றார் சென்டர்காரர்.

"ஏறுற வண்டில்ல தம்பி" என்றார் இவர்.

மலையில் அதுதான் மரியாதை. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும். ஏற்றத்தில் பாரத்தோடு நின்ற வண்டியை மறுபடி எடுப்பது பெரும்பாடு. திரையின் மூலையில் "தாமதம்" என்று சிவப்பு எழுத்தில் மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அன்று மதியத்துக்குள் ஐந்து லாரிக்கும் ஒரு டிராக்டருக்கும் வழி விட்டுவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்தார். மூன்று வாரம் தொடர்ந்து போனோம். ஒருமுறைகூடச் சுவரில் உரசவில்லை. வீட்டில் தட்டில் சோறு மிஞ்சுவது நின்றது. "ஒத்தக் கண்ணுலயும் நல்லாத்தான் ஓட்டுறேன் போல டீச்சர்" என்று ஒருநாள் சொன்னார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். எனக்குத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தால் சொல்லாமல் இருக்க முடியாதே. அவர் எப்படித்தான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, அன்று காலை நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காபி ஆற்றிப் பார்த்திருந்தேன். பாதிக் காபி டம்ளருக்கு வெளியே போனது. தூரம் தெரியவில்லை. பிறகு அதே ஒற்றைக் கண்ணோடு கைப்பேசியில் பேருந்து ஓட்டினேன். இரண்டு கண்ணோடு ஓட்டியதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. திரை தட்டையானது. அதில் உண்மையான தூரம் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு அருமையான விஷயம் என்று துள்ளிக்கொண்டு போய் அவரிடம் சொன்னேன். "ஏங்க, திரையில ஒலகத்துல எல்லாருக்குமே ஒத்தக் கண்ணுதான். நீங்க யாருக்கும் கொறைச்சல் இல்ல."

சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"அப்ப இதுல நான் நல்லா ஓட்டுறதுக்கு அர்த்தமே இல்லையா" என்றார்.

அந்த மூன்று வாரமும் அவர் செய்தது விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருடத்தை வளைவு வளைவாகத் திரும்ப ஓட்டிப் பார்த்து, தேறிவிட்டோம் என்று நம்பத் தொடங்கியிருந்தார். கேள்வித்தாளே செல்லாது என்று நான் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

மகளிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றாள். தலையில் மாட்டிக்கொள்ளும் கருவி. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும். அதனால் நிஜம் போலவே ஆழம் தெரியும், இரண்டு கண் இருப்பவர்களுக்கு. ஒரு கண் இருப்பவருக்கு நிஜத்தில் எது தெரியாதோ அது அதிலும் தெரியாது. "அப்பாவுக்கு மத்த எல்லாத்தையும்விட அதுதாம்மா கஷ்டம். யோசிச்சுக்கோங்க" என்றாள். விலையோ ஆனை விலை குதிரை விலை. நோட்டில் அதற்கு நிறைப் பத்தியில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒருமுறை உண்மையைச் சொல்லிக் கெடுத்தாயிற்று, இப்போது அதை மறைத்தும் கெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே, "எங்க இருக்கு?" என்றார்.

மதுரையில் ஒரு பெரிய கடையில் வாடிக்கையாளர்கள் மாட்டிப் பார்க்க, ஸ்டீரிங்கோடும் பெடல்களோடும் அதை வைத்திருந்தார்கள். மதியம், கூட்டம் இல்லை. விற்பனை செய்யும் பெண் பொறுமையானவர். மலைப்பாதை வேண்டும் என்று கேட்டதும் தேடி எடுத்துப் போட்டார். அதை மாட்டிக்கொண்டவருக்குத் தெரிவது எங்களுக்கும் பக்கத்துத் திரையில் தெரிந்தது. என் கணவர் நெற்றியிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டு, இறங்குகிற திசையைத் தேர்ந்தெடுத்தார்.

சென்டரில் நான் பார்த்த ஆள் இல்லை இது. தயங்கினார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். எதிரே ஒரு கார் ஏறி வந்ததும் நின்றார். அடுத்த வளைவிலும் நின்றார். காரோ லாரியோ கண்ணில் பட்ட கணமே கால் பிரேக்குக்குப் போனது. நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். கடைசி வளைவைக் கடந்து நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்கயும் இடிக்கல சார். ஆனா ரொம்பத் தள்ளி நிப்பாட்டுறீங்க. நடுவுல இன்னொரு பஸ்ஸே நிக்கும்" என்றார் அந்தப் பெண்.

அவர் தலையில் இருந்ததைக் கழற்றினார். "எனக்குக் கிட்டக்க இருக்கிற மாதிரிதாம்மா தெரிஞ்சுச்சு."

"இல்ல சார். நல்ல தூரம்."

"இன்னொருக்கப் போடுங்க."

மூன்று முறை ஓட்டினார். ஒரு முறை மழையில், ஒரு முறை மூடுபனியில். மூன்று முறையும் அதேதான். தூரம் தெரியாத இடத்தில் எல்லாம் கால் தானாகவே முன்னால் போய் வண்டியை நிறுத்தியது. கணக்கு டீச்சராக, ஒரு கடையில் மூன்று முறை நடந்ததை நிரூபணம் என்று நான் ஏற்கமாட்டேன். ஆனால் நிரூபணம் அவரிடமிருந்தே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், பாட்டிலை இறக்கினார்.

"போன வருசம் பூரா வண்டி லேட்டு" என்றார். "எறங்கி வர்றதுக்குக் கால் மணி நேரம் பிந்தும். கண்டக்டர் தெனம் மொனங்குவாரு. வண்டியில கோளாறுன்னு மெக்கானிக்கோட சண்டை போட்டேன். அவரு எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரு. நம்பல." கொஞ்ச நேரம் தன் வலது காலைப் பார்த்தார். "வண்டியில ஒண்ணுமில்ல டீச்சர். நான்தான் மெதுவா வந்துருக்கேன்."

கண்ணுக்குத் தெரியாமல் போனது காலுக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருட வேலை ஒரு மனிதனின் உடம்புக்குள் இவ்வளவு ஆழமாகப் போய் உட்காருமா! அந்தக் கடையில், விற்பனைப் பெண் பார்க்கப் பார்க்க, அழுதேன்.

எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டார். "சாதாத் திரையே போதும்மா. தெரிஞ்சுக்க வேண்டியது தெரிஞ்சுருச்சு, இனி ஓட்டத்தான வேணும்" என்றார். கம்ப்யூட்டரும் ஸ்டீரிங்கும் அடுத்த வாரம் வீட்டுக்கு வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம்.

திரும்பும் பேருந்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஊரைத் தாண்டியதும் ஒவ்வொருவராகத் தலை சாயத் தொடங்கினார்கள். மடியில் பையோடு ஒரு அம்மா, வாய் திறந்தபடி ஒரு மாணவன், சீருடையில் இரண்டு செவிலியர்கள். என் கணவர் இருக்கையில் திரும்பி, அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையிலேர்ந்து எறங்குறப்ப அம்புட்டுப் பேரும் இப்படித்தான் தூங்குவாங்க டீச்சர். கண்ணாடியில பாப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னை நம்பி அவங்க தூங்குனது தப்பில்லல்ல?"

"தப்பே இல்லைங்க" என்றேன்.